ட்ரெபிள் தேடி அரக்கோணம்

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்குள் தன்னுடைய மாருதி எண்ணூறு, பக்கத்து வீட்டு ஜெஃப்ரியின் பத்மினி காரைவிட நன்றாகப் பாட வேண்டும். பாடாவிட்டால் மீசையை எடுத்துவிடுவது. இப்படி ஒரு சபதம் செய்துகொண்டார் இன்பசேகரன். சபதத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எடுக்க வேண்டி வந்துவிடும்.

மனிதர் ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் சூப்பர்வைசர். பதப்படுத்திய தோலை மேஜைமேல் விரித்து, தடவிப் பார்த்து, தரம் பிரிக்கிற வேலை. கீறல் இருந்தால் பி. சுருக்கம் இருந்தால் சி. ஓட்டை இருந்தால், அது குண்டூசி முனை அளவு இருந்தாலும், ரிஜெக்ட். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். அதனால் ஓட்டை எங்கே இருந்தாலும் அவருக்கு ஆகாது. கொசுவலையைப் பார்த்தால் முகம் சுளிப்பார். தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"நல்ல தோசைக்கு ஓட்டைதாங்க அழகு. சாப்பிடுங்க" என்பாள் மனைவி ஞானசுந்தரி.

அவள் ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்தோலில் வரிசை வரிசையாகத் துளை போடுகிற பகுதி அவள் பொறுப்பு. விதி எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறது பாருங்கள்.

"நாங்க கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டு ஓட்டை இல்லாத தோலா பாத்து அனுப்பறோம். நீங்க வாங்கின கையோட ஓட்டை போடறீங்க."

"போடலன்னா கால் நாறுங்க."

பதினான்கு வருஷத் தாம்பத்தியத்தில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி ஏலகிரியில் இறக்கி, "குளிர் எல்லாம் ஒண்ணுதான் ஞானா" என்று இவர் சமாளித்த விஷயமும் இன்னும் முடியவில்லை.

இனி ஜெஃப்ரி. ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஊர்க்காரர்கள் ரத்தத்தையெல்லாம் ஊசி போட்டு எடுப்பார். இன்பசேகரன் ரத்தத்தை மட்டும் ஊசி இல்லாமலேயே உறிஞ்சினார். சுருட்டை முடி. சிரித்த முகம். சபைப் பாடகர் குழுவில் அவர்தான் பேஸ், அதாவது கனமான குரல். ஞானசுந்தரி அதே குழுவில் சோப்ரானோ. எல்லோருக்கும் மேலே ஏறிப் போகிற மெல்லிய குரல். ஜெஃப்ரியின் மனைவி பெர்சிஸும் குழுவில் உண்டு. சனிக்கிழமை சாயங்காலமானால் மூவரும் பத்மினியில் ஏறிப் பயிற்சிக்குப் போவார்கள்.

இன்பசேகரனும் ஒரு வாரம் குழுவில் பாடியவர்தான். அடுத்த வாரம் பாட்டு மாஸ்டர் அவர் தோளில் கை போட்டு, "பிரதர், நீங்க பாடறதைவிட எங்களுக்காக ஜெபம் பண்றது ரொம்ப உதவியா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வாசலில் நின்று பத்மினியின் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெபம் பண்ணினாரா என்பது தெரியாது. உதடு மட்டும் அசையும்.

ஞானசுந்தரி ஜெஃப்ரியை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அதில் அவருக்கு ஆறுதல் இல்லை. அண்ணா என்று கூப்பிட்டால் மட்டும் பத்மினி ஸ்டார்ட் ஆகாமல் போய்விடுமா?

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், நவம்பர் முதல் சனிக்கிழமை. பயிற்சி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, ஜெஃப்ரி அண்ணன் வண்டியில போனா பாட்டு இன்னா தெளிவா கேக்குது தெரியுமா! ஒவ்வொரு குரலும் தனித்தனியா வந்து காதுல உக்காருது."

"இன்னா செட்டு அது?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? ஒயரு கியரு ஒண்ணும் இல்ல. ஏறி உக்காந்தா பாட்டுதான்."

"ஒயரே இல்லையா?"

"ஒயரே இல்லங்க."

ஒயர்லெஸ்! இன்பசேகரனுக்கு வயிறு எரிந்தது. இரண்டு அடி எடுத்து வைத்துப் பக்கத்து வீட்டுக் காரை எட்டிப் பார்த்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. பத்மினி நிற்கிற திசைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று இருந்தவர் எப்படி எட்டிப் பார்ப்பார்?

அவருடைய மாருதி இரண்டாம் கை வண்டி. அதில் இருந்த செட்டு கேசட்டைப் போட்டால் நாடாவைத் தின்றுவிடும். எஃப்.எம். மட்டும் பாடும். அடுத்த வாரம் கம்பெனி வேலையாகச் சென்னை போனவர், பர்மா பஜாரில் ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி வந்தார். சிகரெட் பற்றவைக்கிற துளையில் அதைச் சொருக வேண்டும். பாட்டு ஏற்றிய பென்டிரைவை அதன் முதுகில் குத்த வேண்டும். அது பாட்டைக் காற்றில் அனுப்பும், செட்டில் அதே நம்பரை வைத்தால் பாடும். ஒயரே கிடையாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெஃப்ரியைப் பாதி ஜெயித்தால் போதாது என்று தோன்றியதுதான் வினை. ஃபேக்டரியில் ஏற்றுமதிக்குப் போகாமல் மிஞ்சிய சாக்லேட் நிற ஆட்டுத்தோலை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், டேஷ்போர்டு முழுக்கத் தன் கையாலேயே ஒட்டினார். டேஷ்போர்டின் இரண்டு மூலையிலும், வண்டியின் பழைய சொந்தக்காரர் வடை அளவில் ஏதோ வட்ட வலை பதித்திருந்தார். அதில் ஓட்டை! ஒன்றிரண்டு இல்லை, நூறு! இன்பசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சுற்றி இரண்டு பூச்சு பசை தடவித் தோலை இழுத்து ஒட்டினார். விரலால் தடவினார். ஒரு சுருக்கம் இல்லை. ஏ கிரேடு.

காபியோடு வந்த ஞானசுந்தரி அந்த மூலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்க ரெண்டு வட்டம் இருந்துச்சே?"

"அசிங்கமா இருந்துச்சு. மூடிட்டேன்."

"ஓ" என்றாள். காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்த ஓ எவ்வளவு நீளம் என்று அவர் அளந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

பாடகர் குழு பயிற்சியில் பாடிப் பதிந்த பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி, மனைவியை முன் சீட்டில் உட்காரவைத்து, பட்டனை அழுத்தினார். பாட்டு வந்தது. ஆனால் மெல்லிய சத்தம் எதுவும் வரவில்லை. ஜால்ரா இல்லை. சோப்ரானோ இல்லை. கனத்த குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அது யார் குரல்? ஜெஃப்ரியின் குரல். தன் சொந்த வண்டியில், தன் சொந்தத் தோலுக்கு நடுவில், ஜெஃப்ரி மட்டும் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

"என் குரல் எங்கங்க?"

"வரும், வரும். புது மெஷின், சூடாவணும்."

"இது சோறா சூடாவறதுக்கு? ட்ரெபிள் சுத்தமா இல்லங்க." அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "டிசம்பர் ரெண்டாம் சனிக்கிழமை வேலூர்ல கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டி. போற வழி பூரா பாட்டைக் கேட்டுக்கிட்டே வாங்கன்னு மாஸ்டர் சொல்லிருக்காரு. உங்க வண்டியில என் குரல் எனக்கே கேக்கல. அப்புறம் நான் ஜெஃப்ரி அண்ணன் வண்டியிலதான் போயாவணும்."

மீசைச் சபதம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

மறுநாள் டிரான்ஸ்மிட்டரை மட்டும் பிடுங்கிக்கொண்டு கடைத்தெருவில் வாஹித் பாஷாவின் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்குப் போனார். வாஹித் பாஷா அதைத் தன் கடை பேட்டரியில் மாட்டி, கடை ரேடியோவில் பாடவைத்தார். ஜால்ரா கிணுகிணு என்றது. ஞானசுந்தரியின் குரல் கூரையைத் தொட்டது.

"மால் ஏ ஒன் சார். ட்ரெபிள் ஜாஸ்தியாவே இருக்குது. கோளாறு உங்க வண்டியில. எடுத்துட்டு வாங்க, டேஷ்போர்டைப் பிரிச்சுப் பாத்துடலாம்."

"பிரிக்கிறதா?" இன்பசேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பாய், அது ஆட்டுத்தோல். வெண்ணெய் மாதிரி இருக்கும். உங்க ஸ்க்ரூ டிரைவர் அதுல படக் கூடாது."

"தோலா? இன்னா தோலு?"

"அது உங்களுக்குப் புரியாது பாய். வேற வழி சொல்லுங்க."

வாஹித் பாஷா தாடியைச் சொறிந்தார். "அந்த நம்பர்ல வேற ஸ்டேஷன் எதுனா மோதினாலும் சிக்னல் வீக் ஆவும். சிக்னல் வீக் ஆனா செட்டே ட்ரெபிளைக் கம்மி பண்ணிக்கும். நம்பர் மாத்திப் பாருங்க. ஊர் மாத்தியும் பாருங்க. ஆனா வண்டிய எடுத்துட்டு வந்தீங்கன்னா அஞ்சு நிமிஷ வேலை."

அந்தக் கடைசி வரியை இன்பசேகரன் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். மீதியை வீட்டில் சொன்னார். ஞானசுந்தரி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஊர் மாத்திப் பாக்கணுமா? அப்ப பாகாயம் போய்ப் பாப்போங்க. சுத்தி மலை. வேற ஸ்டேஷன் எதுவும் எட்டாது."

"பாகாயத்துல உங்க அக்கா வீடு இருக்குதே?"

"அட, ஆமாங்க! நீங்க சொன்னாதான் ஞாபகம் வருது."

பாகாயத்தில் ட்ரெபிள் இல்லை. மத்தியானச் சாப்பாடு இருந்தது. மூன்று வருஷமாக வராத தங்கையைக் கண்ட அக்கா பிரியாணி செய்திருந்தாள். இன்பசேகரன் ஒரு கையில் எலும்போடு, மற்றக் கையால் நம்பரை மாற்றி மாற்றிப் பார்த்தார். எந்த நம்பரிலும் ஜெஃப்ரிதான் பாடினார்.

அடுத்த வாரம் ஏரியலில் செம்புக் கம்பி சுற்றினார். பாட்டைப் பெரிய ஃபைலாகப் பதிந்து வாங்கினார். செட்டில் ட்ரெபிள் குமிழை அது உடைகிற வரைக்கும் திருகினார். உடைந்தது.

"உயரமான ஊர்ல சிக்னல் நல்லா இருக்கும் இல்லங்க? சோளிங்கர் போலாமா? எங்க கம்பெனி ரங்கம்மாள் புது வீடு கட்டிருக்கா. கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"மலை மேலயா கட்டிருக்கா?"

"அடிவாரத்துல. அங்க நின்னு அண்ணாந்து பாத்தா ஒசரம்தானே?"

ஒரு சாதாரண மனிதனுக்கு இங்கே சந்தேகம் வந்திருக்கும். பொறாமை பிடித்தவனுக்குச் சந்தேகப்பட நேரம் ஏது? அவருக்கு இரண்டாம் சனிக்கிழமை மட்டும் கண்ணில் தெரிந்தது. பத்மினியின் முன் சீட்டில் ஞானசுந்தரி. காதில் வந்து உட்காருகிற தெளிவான பாட்டு. சுருட்டை முடி காற்றில் ஆடுகிறது. ரங்கம்மாள் வீட்டுக்கு எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு சோளிங்கர் போனார்கள். ட்ரெபிள் அங்கேயும் இல்லை.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது.

"ஒரே ஒரு ஊர்தாங்க பாக்கி" என்றாள் ஞானசுந்தரி. "அரக்கோணம்."

இன்பசேகரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரக்கோணம் மாமியார் ஊர். ஏழு வருஷமாக ஞானசுந்தரி கூப்பிட, ஏழு வருஷமாக அவர் ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தப்பித்த ஊர். மழை, வெயில், ஆடிட், வண்டியில் பெல்ட் கோளாறு, இடுப்பில் பிடிப்பு.

"அரக்கோணத்துல எதுக்கு?"

"ரயில் ஜங்ஷனுங்க. தலைக்கு மேல பூரா கரண்டு கம்பி. அங்க தெளிவா கேட்டுச்சுன்னா உலகத்துல எங்க வேணா கேக்கும். வேணாம்னா விடுங்க. ஜெஃப்ரி அண்ணன்கிட்ட..."

"சட்டையை எடு" என்றார் இன்பசேகரன்.

அரக்கோணத்தில் இரண்டு நாள் தங்கினார்கள். இன்பசேகரன் மாமியார் வீட்டு ஓடு மாற்றினார், கிணற்றுக் கயிறு மாற்றினார், மைத்துனனுக்குப் பெண் பார்க்கிற இடத்துக்கு வண்டியோட்டினார். கிளம்புகிற நேரத்தில் மாமியாரை முன் சீட்டில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார்.

"எப்படி அத்தை இருக்குது?"

மாமியார் காதைச் சாய்த்துக் கேட்டார். "கம்பளியைத் தலையோட போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்குது மாப்ள."

"சிக்னல் அத்தை, சிக்னல்" என்று பெருமூச்சு விட்டார் இன்பசேகரன். பின் சீட்டில் ஞானசுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அம்மாவைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து இவர் கைக்குட்டை கொடுத்தார்.

இரண்டாம் சனிக்கிழமை விடிந்தது. இன்பசேகரன் கண்ணாடி முன் நின்று மீசையைத் தடவினார். பதினெட்டு வயதிலிருந்து கூடவே இருந்த மீசை. போவது போகட்டும், போவதற்கு முன்னால் அந்த ஒயர்லெஸ் எப்படித்தான் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ரோஷத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். பத்மினியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்.

செட்டு இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு பொந்து இருந்தது. பொந்துக்குள் ஒரு மஞ்சள் துணியும் இரண்டு மெழுகுவத்தியும் இருந்தன.

"இன்னா பிரதர், காலங்காத்தால?" வாயில் பிரஷ்ஷோடு ஜெஃப்ரி வந்தார்.

"செட்டு... செட்டு எங்க பிரதர்?"

"செட்டா? வாங்கும்போதே இல்லயே. நமக்கு எதுக்கு பிரதர் செட்டு? ஏறி உக்காந்தா மூணு பேரும் பாட ஆரம்பிச்சிடுவோம். சர்ச்சு வர்றதே தெரியாது."

இன்பசேகரன் வீட்டுக்கு ஓடிவந்தார். ஆத்திரமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஞானா! அவன் வண்டியில செட்டே இல்ல!"

"இருக்குதுன்னு யாரு சொன்னது?"

"நீதானே தெளிவா கேக்குதுன்னு சொன்னே!"

"பக்கத்துல உக்காந்து பாடினா தெளிவா கேக்காம இன்னாங்க? ஒயரு கூட இல்லன்னு சொன்னேனே." அவள் தையல் பெட்டியைத் திறந்து பிளேடு, துளை போடும் பஞ்ச், சின்னச் சுத்தியல், ஒரு பலகை என்று எடுத்து வெளியே வைத்தாள். "வாங்க, நேரமாவுது."

மாருதியின் கதவைத் திறந்தாள். டேஷ்போர்டின் மூலையில் பிளேடை வைத்தாள்.

"ஞானா, வேணாம்! அது ஏ கிரேடு!"

பிளேடு வட்டமாக ஓடியது. வடை அளவுக்கு ஆட்டுத்தோல் கையோடு வந்தது. உள்ளே அந்த வலை. வலைக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்பீக்கர். அடுத்த மூலையிலும் அப்படியே அறுத்தெடுத்து, இரண்டு தோல் வட்டத்தையும் பலகைமேல் வைத்து, டொக் டொக்கென்று வரிசை பிசகாமல் துளை போட்டாள். இன்பசேகரன் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்தார். ஓரத்தில் பசை தடவி இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். ஜால்ரா கிணுகிணுத்தது. அதற்கும் மேலே, ஜெஃப்ரிக்கெல்லாம் எங்கேயோ மேலே, ஞானசுந்தரியின் குரல் ஏறிப் போனது.

இவ்வளவு நாள் இந்தக் குரலையா தோல் போட்டு மூடி வைத்திருந்தோம் என்று இன்பசேகரன் நினைத்தார். அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது.

"இதான் கோளாறுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க ஒட்டின அன்னிக்கே. காத்து போவ வழி இல்லன்னா காலும் நாறும், பாட்டும் நாறும். பதினஞ்சு வருஷமா அதானேங்க என் பொழப்பு?"

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லிருந்தா பாகாயம் போயிருப்போமா? சோளிங்கர் போயிருப்போமா? எங்கம்மா ஏழு வருஷத்துக்கு அப்புறம் மாப்ள மூஞ்சிய பாத்திருப்பாங்களா?"

இன்பசேகரன் கோபப்படத்தான் பார்த்தார். ஆனால் அரக்கோணத்தில் மாமியார் மூன்றாவது தடவை மீன் குழம்பு ஊற்றிய ஞாபகம் குறுக்கே வந்தது. போகட்டும், மீசை தப்பித்தது. ட்ரெபிள் வந்தாயிற்று. ஞானசுந்தரி இனி தன் வண்டியில்தான் வரப்போகிறாள். அது போதும்.

அந்த நேரம் பார்த்து ஜெஃப்ரியும் பெர்சிஸும் டிபன் கேரியரோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

"இவங்க எங்க இங்க?"

"பத்மினி வேலூர் வரைக்கும் தாங்காதுங்க. நம்ம வண்டியில வாங்கன்னு போன வாரமே சொல்லிட்டேன். அண்ணா, நீங்க முன்னாடி உக்காருங்க. உங்களுக்குக் கால் நீளம்."

ஆக, வேலூர் வரைக்கும் இன்பசேகரன் பக்கத்தில் ஜெஃப்ரி. சுருட்டை முடி காற்றில் ஆடியது. பள்ளிகொண்டா தாண்டியதும் ஜெஃப்ரி டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார்.

"தோலைவிட இந்தத் துளை டிசைன் சூப்பர் பிரதர். சத்தமும் ரொம்பத் தெளிவு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

பின் சீட்டிலிருந்து ஞானசுந்தரியின் குரல் மெதுவாக வந்தது. "ட்ரெபிள் சரிதாங்க. ஆனா இப்ப பேஸ் கொஞ்சம் கம்மியா தெரியல?"

ஜெஃப்ரி காதைக் கொடுத்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா. நல்லாத்தானே இருக்குது?"

தன் மனைவிக்குக் கேட்பது ஜெஃப்ரிக்குக் கேட்கவில்லை! இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தானே இன்பசேகரன் இத்தனை மாதம் காத்திருந்தார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாது பிரதர். அதுக்கெல்லாம் தனிக் காது வேணும். பேஸ் கம்மிதான். எனக்கு அப்பவே கேட்டுச்சு. மலை ரோட்டுல ஏத்தி இறக்கிப் பாத்தாத்தான் சரியாத் தெரியும். லீவுல ஊட்டி வரைக்கும் ஓட்டிப் பாத்துடறோம், இல்ல ஞானா?"

கண்ணாடியில் பார்த்தார். ஞானசுந்தரி பெர்சிஸிடம் ஸ்வெட்டர் இரவல் கேட்டுக்கொண்டிருந்தாள்.